பின்னல் வேலை தெரிந்த பெண்

"பொண்ணு கறுப்போ சிவப்போ, பின்னல் வேலை தெரிஞ்சிருக்கணும்."

பட்டாளத்திலிருந்து எண்பத்தாறு தை மாத லீவில் மம்சாபுரம் வந்த சீனிச்சாமி போட்ட ஒரே கண்டிஷன் அதுதான்.

பெண் பார்க்கிறவர்கள் அகராதியில் பின்னல் வேலைக்கு அர்த்தமே வேறு. பொறுமைசாலி, வீடு தங்குகிறவள் என்று பொருள். அதனால் தரகர்கள் எல்லாப் பெண்ணுக்கும் தாராளமாக அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

சீனிச்சாமிக்கு அப்படியில்லை. லடாக் குளிரில் கூட இருக்கிற பஞ்சாப்காரர்களுக்கு வீட்டிலிருந்து ஸ்வெட்டர் வரும். ஆளாளுக்கு நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வீட்டுக்காரி பின்னினது" என்பார்கள். இவனிடம் சர்க்கார் ஸ்வெட்டர் இருந்தது. குளிருக்கு அது போதும். ஏக்கத்துக்குத்தான் போதவில்லை.

ராஜபாளையத்தில் பெண் வீட்டுக்குள் நுழைந்ததுமே அவன் கண் ரேடியோ மேல் போனது. வெள்ளை நூலில் பின்னிய உறை. நடுவில் பச்சைக் கிளி. சிவப்பு நூல் தீர்ந்துபோயிருக்க வேண்டும், மூக்கு மட்டும் நீலம்.

காபி கொண்டுவந்த இருளம்மாளைப் பார்த்ததும் அவன் மனசு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

அதற்குள் அவன் அம்மா அங்காளம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஏட்டி வெள்ளத்தாயி, இது நீ போட்ட கிளில்லா?"

மூத்த மருமகள் வெள்ளத்தாய் தலை நிமிரவில்லை.

"உன்னையப் பாக்க தளவாய்புரம் வந்தப்போ உங்க வீட்டு ரேடியோ மேல கிடந்துச்சே. நீல மூக்கப் பாத்து நான் சிரிச்சேனே." அங்காளம்மாள் பெண்ணின் அம்மா பக்கம் திரும்பினாள். "நீங்களும் முன்னால தளவாய்புரத்துலதான் இருந்தியளாம்ல?"

பெண்ணின் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருளம்மாள் அவள் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, வெள்ளத்தாயை ஒரு தரம் பார்த்தாள்.

"ஆமா அத்தை. அந்த அக்கா வீட்டுல இரவல் வாங்குனதுதான். எனக்குப் பின்னல் வேலை தெரியாது."

"கிளி இரவலு. புள்ளையாவது சொந்தமா?" அங்காளம்மாள் சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் அம்மா வெற்றிலை வாங்கப் போனாள். சீனிச்சாமி தூணில் சாய்ந்து நின்றான். வெள்ளத்தாய் பக்கத்தில் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"விடுங்க மதினி. உங்க சாமானை வச்சே நம்மள ஏமாத்தப் பாத்துட்டா."

"அவ ஏமாத்தல தம்பி. நான்தான். பின்னல் ஊசிய எந்தக் கையில புடிக்கணும்னே எனக்குத் தெரியாது. என்னையப் பாக்க வந்த அன்னைக்கு எங்கம்மா அவகிட்டக் கெஞ்சி வாங்கியாந்து போட்டது அது. அம்புட்டும் அவ கைப்பட பின்னுனது. அத்தைகிட்ட இத்தன வருசமா மறைச்சிட்டேன்."

"அங்கயே ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

"சொன்னா அத்தை என்னைய அந்த வீட்டுல இருக்க விடுவாவளா? வாயே வரல தம்பி."

சீனிச்சாமி பெண் வீடு இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தான். ராப்பகலாகப் பின்னிய கிளியைத் தன்னுடையது இல்லை என்று சொன்ன அந்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஸ்வெட்டர் மறந்தே போயிற்று. அவளை இன்னொரு தடவை பார்த்தால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அங்காளம்மாள் வெற்றிலையை மடித்தபடி வந்தாள்.

"கவலைப்படாதலே. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பொண்ணு இருக்காம். பின்னல் வேலையெல்லாம் அத்துப்படியாம்."

"வேண்டாம்மா. எனக்கு இந்தப் புள்ளையே போதும்."

"கூறுகெட்டவனே, அவ பொய்க்காரிலே."

வெள்ளத்தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது.

"கேட்டதும் இரவல்னு பட்டுனு ஒத்துக்கிட்டால்ல? பொய் சொல்லத் தெரியாத புள்ளைம்மா அது" என்றான் சீனிச்சாமி, மதினி பக்கம் திரும்பாமல்.