மைதிலி கேட்ட பாட்டு

மாரியம்மன் பண்டிகைக் கச்சேரியில் ஆண்கள் பாடும் கட்டைக் குரல் பாட்டுகளை மட்டுமே பாடுவதாக மைதிலி சொன்னதும், விழாக்குழுத் தலைவர் சின்னண்ணன் பதறினார்.

"ஏனுங்கம்மா, உங்க சன்னக் குரலுக்குத்தான் சனமே கூடுது. இதைப் பாடுனா கலைஞ்சு போயிருமே!"

"இனி எனக்கு இதுதானுங்க வரும்."

"ஊட்டுக்காரர் போன துக்கம் தொண்டையை அடைக்குது, சாமி. சரியாப் போயிரும். கீபோர்டு வாசிக்க அவருக்குப் பதிலா வேற ஆளைப் பார்த்துக்கலாம்."

மைதிலி ஒரு வரி பாடிக் காட்டினாள். கரகரவென்று ஆண்குரலே வந்தது. சின்னண்ணன் ஓரடி பின்வாங்கினார்.

"அப்ப… போன வருசம் பாடுனது?"

"தொண்டை ஆபரேசனுக்கப்புறம் என் குரல் இதுதானுங்க. மேடையில நான் வாயை மட்டும் அசைச்சேன். கீபோர்டுக்குப் பின்னால குனிஞ்சு உக்காந்து, பொம்பளைக் குரல்ல பாடுனது அவருங்க. இந்தப் பண்டிகைக்குத்தான் நானே பாடப்போறேனுங்க."