திங்கட்கிழமை முளைக்கும் மீசை

செத்து எழுபது வருஷம் ஆன சிறுத்தைக்கு மீசை முளைக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? புதிதாக வந்த காப்பாட்சியர் தன் கண்ணையே நம்பவில்லை.

அருங்காட்சியகத்தின் விலங்குக் கூடத்தில், கயிற்றுக்கு அந்தப் பக்கம், பஞ்சு திணித்துப் பதப்படுத்திய சிறுத்தை ஒன்று வாயைத் திறந்தபடி நின்றிருந்தது. வந்த முதல் வாரம் பதிவேட்டைச் சரிபார்த்தபோது அதன் மீசையை எண்ணினார். இருபத்து மூன்று முடி. வெள்ளிக்கிழமை எதேச்சையாகப் பார்த்தால் பத்தொன்பது. திங்கள் விடுமுறை கழிந்து செவ்வாய் வந்தால் மறுபடி இருபத்து மூன்று.

மூன்று வாரம் எண்ணினார். மூன்று வாரமும் இதே கதைதான். கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கத் தயக்கம். பழைய தோலில் விஷ மருந்து பூசியிருப்பார்கள்.

கூடத்தின் சாவி ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. பதினைந்து வருஷமாகக் கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் அந்த அம்மாவுக்குப் பெயரே சாவிக்காரம்மா என்று ஆகிவிட்டது. அவரிடம் லேசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"எண்ணினது தப்பா இருக்கும் சார். கண்ணாடியை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா பாட்டுக்குத் தூசி தட்டப் போய்விட்டார்.

அங்கேதான் சந்தேகம் விழுந்தது.

வியாழக்கிழமை மதியம், சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு, மான் கொம்பு அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் நல்ல உடுப்பில் ஒருவர் வந்து சாவிக்காரம்மாவிடம் ஏதோ கிசுகிசுத்தார். அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். கையுறை மாட்டினார். கயிற்றைத் தாண்டிப் போய், சிறுத்தையின் மீசையில் ஒன்றைப் பிடுங்கி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

காப்பாட்சியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறைக்குப் போய், அடுத்த தெருவிலிருந்த வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டு, சிறுத்தை மீசை குறைவதாகப் புகார் சொன்னார். பிறகுதான் அந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

சாவிக்காரம்மா மறுக்கவில்லை. பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரு கட்டு வெள்ளை முடி.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ஆறு வருஷமா சார். ஒண்ணைப் பத்த வச்சுப் பாருங்க."

தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனார். முடி கருகும் நாற்றமே வரவில்லை. உருகிச் சுருண்டு, நுனியில் ஒரு மணியாகத் திரண்டது. நைலான் தூண்டில் நரம்பு! முனையை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கியிருந்தது.

அசல் மீசை எங்கே என்று கேட்டார். தான் வேலைக்கு வருவதற்கு முன்பே பாதியை யார் யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்றும், மிச்சத்தை உறையில் போட்டுப் பழைய காப்பாட்சியரிடம் கொடுத்துவிட்டதாகவும், அது இதே அறை பீரோவில் இருப்பதாகவும் அந்த அம்மா சொன்னார்.

சிறுத்தை மீசை வீட்டில் இருந்தால் பயம் அண்டாது என்று யாரோ கிளப்பிவிட்டது போன் போனாகச் சுற்றியதாம். கேட்டு வந்த முதல் ஆளைச் சாவிக்காரம்மா திட்டித் துரத்தியிருக்கிறார். அடுத்த மாதமே அந்த ஆள் பெருமையாக ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாராம்.

"காட்டுல தானா உதிர்ந்ததுன்னு சொல்லிக் கொடுத்தாங்களாம் சார். வேர்ல சதை ஒட்டியிருந்துச்சு."

சாவிக்காரம்மா தகர டப்பாவை மூடினார்.

அதற்குப் பிறகு கேட்டு வந்த யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கண் முன்னால் பிடுங்கிக் கொடுத்தால்தான் நம்புகிறார்கள். கையில் ஒன்று கிடைத்துவிட்டால் காட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை. பிடுங்கியதற்குப் பதிலாகத் திங்கட்கிழமை புதிதாக ஒட்டிவிடுவார். யாரிடமும் காசு வாங்கியதில்லை.

காப்பாட்சியருக்கு மனசு ஆறினாலும் ஒரு நெருடல் இருந்தது.

"வாங்கிட்டுப் போறவங்க நாலு பேர்கிட்ட காட்டுவாங்களேம்மா. ஆசை இன்னும்தானே பரவும்?"

அவர் பதில் சொல்வதற்குள் வனத்துறை அதிகாரி வாசலில் வந்து நின்றார்.

காப்பாட்சியர் தடுமாறினார். தான்தான் தப்பாக எண்ணிவிட்டதாகச் சமாளித்தார். அதிகாரி லேசில் விடவில்லை. கூடத்துக்கு வந்து சிறுத்தையைச் சுற்றிப் பார்த்தார். காட்டு விலங்கின் ஒரு முடியை வைத்திருந்தாலும் குற்றம்தான் என்று இரண்டு பேருக்கும் நெடுநேரம் விளக்கினார். கடைசியில், புகாரில் உண்மை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தவர் கிளம்பவில்லை. வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"வீட்ல சின்னப் பொண்ணு சார். தூக்கத்துல பயந்து பயந்து எழுந்திருக்குறா. இது பழசுதானே... ஒண்ணே ஒண்ணு கிடைக்குமா?"

காப்பாட்சியர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

சாவிக்காரம்மா ஒன்றைப் பிடுங்கி, மடித்து, அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உங்ககிட்ட இருக்கறது வெளியே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது சார். தெரிஞ்சா பலன் போயிடும்."