கிளட்ச் மிதியின் மேல் ஒரு மரக்கட்டை

“கி சா?” என்றார் க்ளெமான். இது என்ன என்று.

மாயெபூர் போலீஸ் முற்றத்தில் என் பிக்கப்பின் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக் குனிந்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வண்டிகளைச் சோதித்துச் சீட்டு கொடுக்கும் அதிகாரி அவர். அவருடைய விரல் கிளட்ச் மிதியைக் காட்டியது. அதன் மேல் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு மரக்கட்டை, கம்பியால் வரிந்து கட்டியிருந்தது.

நான் ஆறடி. அந்தக் கட்டை என் காலுக்காக வைத்ததில்லை.

என் மனைவி பூங்காவனத்தின் காலுக்காக. அவள் என் நெஞ்சுயரம். என் செருப்பு வழுக்காமலிருக்க என்று சொல்லி அவளே கட்டியது. அதற்கு முன்னால் சீட்டில் ஒரு தடித்த மெத்தை வந்தது. என் முதுகு நோகக் கூடாதாம். அப்புறம் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி கீழே இறங்கியது. என் கண் கூசக் கூடாதாம்.

கரோல் புயலில் கூரை நசுங்கி, மலிவாகக் கிடைத்த வண்டி. கொஞ்சம் கொஞ்சமாக அது அவளுடைய அளவுக்கு வந்துகொண்டிருந்தது. நான் முழங்கால் இடிக்க இடிக்க ஓட்டிக்கொண்டிருந்தேன்.

விஷயம் எனக்குத் தெரியும். பல்லைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் ஊர் ரோஸ் பெல்லுக்கு பஸ்ஸில் திரும்பிய ஒரு மத்தியானம், எங்கள் பஸ்ஸை ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது என் பிக்கப். ஓட்டியது பூங்காவனம். பின்னால் நாலு மூட்டை கோழித்தீவனம். வாயில் பஞ்சு இருந்ததால் என்னால் கத்தக்கூட முடியவில்லை.

டிராங்கெபாரில் டாக்ஸி ஓட்டும் அவள் அண்ணன் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அவளிடம் கேட்டால் நான் தடுத்தாக வேண்டும், ஊர் வாய்க்குப் பயந்தாவது. தடுக்க மனசு வரவில்லை. அன்றைக்கு பஸ்ஸை முந்தும்போது மேட்டில் அவள் கியர் மாற்றியதில் ஒரு சத்தம் வரவில்லை. நான் மாற்றினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று இருந்துவிட்டேன்.

ஆனால் லைசென்ஸ் இல்லாமல் ஒரு பெண் இதை ஓட்டுகிறாள் என்று க்ளெமான் மோப்பம் பிடித்தால், வண்டியை அங்கேயே நிறுத்தி வைத்துக்கொள்வார். வண்டி போனால் எங்கள் கத்தரிக்காய் சந்தைக்குப் போகாது. எங்கள் பிழைப்பே அதுதான்.

“இடது கால் கொஞ்சம் குட்டை, மிஸ்யே” என்றேன். “பொறந்ததிலேர்ந்தே.”

க்ளெமான் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நடந்து காட்டச் சொன்னார்.

நொண்டினேன். குழாயடி வரைக்கும் நன்றாகத்தான் போனேன். திரும்பி வரும்போது எந்தக் கால் என்று குழம்பிப்போய் இரண்டாலும் நொண்டினேன்.

துணி வாங்க வேண்டுமென்று கூடவே வந்து வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பூங்காவனம், புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. யாருக்காக இந்தக் கூத்து?

மெத்தை எதற்கு? மூலம் என்றேன். கண்ணாடி ஏன் இவ்வளவு கீழே? கழுத்து பிடித்துக்கொண்டது என்றேன். கண்ணாடியின் ஓரத்தில் இருந்த குங்கும விரல் தடத்தைக் காட்டினார். வண்டிக்குப் பூஜை போட்டோம் என்றேன். சொன்னதிலேயே அது ஒன்றுதான் பொய் மாதிரி இல்லை.

க்ளெமான் சிரிக்கவில்லை. கால், மூலம், கழுத்து என்று வரிசையாக எழுதிக்கொண்டார். இத்தனை நோயாளி எப்படி வண்டி ஓட்டுகிறான் என்று அடுத்துக் கேட்பார் என்று ஒரு பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

கேட்கவில்லை. முத்திரையைக் குத்தினார்.

சீட்டை வாங்கக் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் ஜன்னல் வழியாகப் பூங்காவனத்திடம் கொடுத்தார்.

“கம்பி கட்டினா நழுவும், திருகாணி போடுங்கன்னு சொன்னேனே, மதாம்? ஜூன் மாசம் நீங்க டெஸ்ட் பாஸ் பண்ணின அன்னிக்கே சொன்னேன்.”

என் இரண்டு காலும் ஒரே நீளத்துக்கு வந்தன.

பூங்காவனம் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, மடிப்பைப் பிரித்து, எனக்குத் தெரிகிற மாதிரி பிடித்தாள். லைசென்ஸ். கீழே க்ளெமானின் கையெழுத்து.

ஆறு மாசம் என்னிடம் மறைத்திருக்கிறாளே என்று கோபம் வந்தது. அதை முந்திக்கொண்டு பெருமை வந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

க்ளெமான் என் பக்கம் கையை நீட்டினார். உங்களுடையது எங்கே என்றார்.

சட்டைப் பையைத் தடவினேன். தடவத் தேவையே இல்லை. என் லைசென்ஸ் புதுப்பிக்காமல் மூன்று வருஷமாக அலமாரியில், என் பட்டு வேட்டிக்கு அடியில் கிடந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அபராதம் எழுதப் போகிறார் என்று பார்த்தேன். அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, என் கையிலிருந்த சாவியை வாங்கிப் பூங்காவனத்திடம் கொடுத்தார்.

அவள் நகர்ந்து மெத்தை மேல் உட்கார்ந்தாள். நான் சுற்றிப்போய் மறுபக்கம் ஏறினேன்.

கேட்டைத் தாண்டியதும் சத்தமில்லாமல் கியர் மாற்றினாள். அப்புறம் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“போன காவடிக்கு உங்க பட்டு வேட்டிய எடுத்தேன். வீட்ல ஒருத்தர்கிட்டயாவது லைசென்ஸ் இருக்கணுமில்ல?”