நடுத்தொட்டி
எனக்கு வரவேண்டிய கூலி பாக்கி நாலாயிரத்து இருநூறு. அதைக் கேட்க மீன் அறை வாசலில் நிற்கிறேன். நான் வெல்டிங் வைத்த இரும்பு ஸ்டாண்டில் ஆறு கண்ணாடித் தொட்டிகள் நீல வெளிச்சத்தில் குமிழ் விடுகின்றன. "அடியில தெர்மாகோல் போடலையா சார்? மேடுபள்ளத்த அதுதானே தாங்கும்" என்று கேட்கிறேன். "அசிங்கமா இருக்குன்னு மகாராணி உருவச் சொல்லிட்டாங்க" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். "ஆமா, எல்லாத்துக்கும் நான்தான்" என்கிறார் அவர் மனைவி. டப்பென்று நடுத்தொட்டியின் அடிக்கண்ணாடி பிளக்கிறது. தண்ணீர் மொத்தமும் எங்கள் காலில் கொட்ட, ஆரஞ்சு மீன்கள் தரையில் துள்ளுகின்றன. அந்த அம்மா வாளியோடு ஓடிவந்து மீன்களை அள்ளுகிறார். பிளந்த கண்ணாடி வழியே, நான் கிரைண்டரால் தேய்த்துச் சமமாக்காமல் விட்ட வெல்டிங் புடைப்பு ஒன்று மொச்சைக்கொட்டை அளவில் பளபளக்கிறது. "உன்மேல தப்பில்லப்பா, இந்தா" என்று சார் ஈரக்கையால் பணத்தை நீட்டுகிறார். அந்தப் புடைப்பின் மேல் விரலை வைத்துக் காட்டுகிறேன். "காசு வேணாம் சார்."