வெறும் துண்டு

துளி உருண்டு நின்றது.

அவள் குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

நிற்கக் கூடாத துளி.

இது கரைசலையே காணாத சிலிக்கான் துண்டு. வெறும் துண்டு. இதன்மேல் தண்ணீர் பரவி ஓடியிருக்க வேண்டும்.

கரைசலில் ஊறிய துண்டில்தான் தண்ணீர் உருளும். கரைசலின் மூலக்கூறுகள் துண்டின்மேல் வந்து, பிரஷ் மயிர் போல நெருக்கமாக ஒட்டி நின்றுவிட்டன என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம்தான் அவற்றின் வழியே மின்சாரம் விட்டுப் பார்ப்பதெல்லாம்.

நான்கு மாதமாக அவளுடைய துளிகள் அழகாக உருண்டன. அதை நம்பித்தான் ஆய்வகமே புனே மாநாட்டுக்குப் போயிருக்கிறது. கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது.

இன்னும் அரை மணியில் ஆய்வகத் தலைவர் மங்கையர்க்கரசி மேடம் அதைச் சொல்ல மேடை ஏறுவார்.

இந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம். கரைசலில் முக்குகிறவர் வெறும் துண்டைத் தொடக் கூடாது. அதைச் சோதிப்பது இன்னொருவர் வேலை. ஆசைப்படுகிற கையை நம்ப முடியாதல்லவா?

அந்த இன்னொருவன் பெலிக்ஸ். வேலை கிடைத்து, நான்கு மாதத்துக்கு முன்பே கொரியா போய்விட்டான்.

அவன் இடத்துக்கு யாரும் வரவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

வெறும் துண்டைச் சோதிப்பது அப்படியே விட்டுப்போனது.

மூன்று நாளாக வாசல் செக்யூரிட்டியைத் தவிர அவளிடம் பேச ஆளில்லை. தன் பேச்சுக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு, இன்றைக்கு என்னவோ, பெலிக்ஸின் வேலையையும் செய்து பார்த்தாள். பாவம்.

துண்டில் ஏதோ பிசுக்கு; அதில்தான் துளி உருள்கிறது. துண்டுகளை வைக்கிற புது பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கலாம். கையுறையாக இருக்கலாம். எதுவானாலும், நான்கு மாதத் துளிகளில் ஒன்றையும் இனி நம்புவதற்கில்லை.

சொல்லாமலும் இருந்துவிடலாம்.

போன் போட்டாள்.

“என்னம்மா, சீக்கிரம் சொல்லு. அடுத்தது நான்தான். புடவையில வேற காபியக் கொட்டிக்கிட்டேன்.”

“மேடம், வெறும் துண்டுலயும் துளி நிக்குது.”

அந்தப் பக்கம் கைத்தட்டல் கேட்டது. வேறு யாருக்கோ. அதுவும் ஓய்ந்தது.

பிறகு மேடத்தின் குரல். இவ்வளவு கனிவாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

“பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?”

இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்.

இப்போது, இல்லை, இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லப் பயமாக இருந்தது.