பழகிய கை

“அப்படி இழுக்காதே. உள்ள பல்குச்சி இருக்கும், விரல்ல குத்திடும்.”

அவள் கை அப்படியே நின்றது. கையில் இருந்தது டிஷ்யூவில் இறுக்கிச் சுருட்டி, நடுவில் காகிதப் பட்டை ஒட்டிய ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே ஸ்பூன் இருக்கிறதா என்பதுகூட வெளியே தெரியவில்லை. பட்டையைக் கிழித்து மெதுவாகப் பிரித்தாள். ஸ்பூன், முள்கரண்டி, கத்தி, உப்பு. கடைசியாகப் பல்குச்சி.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாத்துலயும் அப்படித்தானே வெப்பாங்க” என்றார் கணவர்.

எல்லாவற்றிலும் என்றால்? இரண்டு பேருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். பிள்ளை பெற்றிருக்கும் மகளைப் பார்க்க மாப்பிள்ளை எடுத்து அனுப்பிய டிக்கெட். “பெல்ட்டு போடக்கூட எனக்குத் தெரியாதே” என்று நேற்று அவள் பயந்தபோது, “எனக்கு மட்டும் தெரியுமா? ரெண்டு பேரும் சேர்ந்து முழிப்போம் வா” என்று சிரித்தவர் இவர்தான். அதேபோல முழிக்கவும் செய்தார். பணிப்பெண் வந்துதான் பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

ஆனால் சாப்பாட்டுத் தட்டு வந்ததும் ஆளே மாறிப்போனார். டிஷ்யூவை ஒரே உதறலில் விரித்து, இரண்டாக மடித்து மடியில் போட்டுக்கொண்டார். சூடான டப்பாவின் மேல்தாளை மூலையில் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தார். ஒரு சொட்டுக் குழம்பு சிந்தவில்லை. அவள் தன் டப்பாவோடு மல்லுக்கட்டி, புடவையில் இரண்டு இடத்தில் கறை பண்ணிக்கொண்டாள்.

“எனக்கு வெண்ணெயே வெக்கல பாருங்க.”

“பன்னுக்கு அடியில பாரு.”

இருந்தது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கணவரையே பார்த்தாள்.

பத்தொன்பது வருடம் விமான நிலையத்தில் ஆபீஸ் வேலை. போன மாதம்தான் ஓய்வு பெற்றார். காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு போவார், சாயங்காலம் மடிப்புக் கலையாமல் வருவார். சில நாள், “பிளேன் லேட்டு, அதான் வேலை முடியல” என்பார். ஃபைல் பார்க்கிறவருக்கும் பிளேன் லேட்டாவதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லையே! இவளோ சம்பந்தி வீட்டில் “ஏர்போர்ட்டு ஆபீஸர்” என்று வாய் நிறையச் சொல்லி வைத்திருக்கிறாள்.

“நெஜத்தைச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி பிளேன்ல போயிருக்கீங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தது?”

“கூட வேலை பார்த்தவங்க.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“ரெண்டு பேரும்தான். சாப்பிடு, ஆறிடப் போகுது.”

அவள் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தி இவர் பக்கத்தில், இதேபோல் ஜன்னலோரமாக உட்கார்ந்து, ‘டிஷ்யூவை இப்படிப் போட்டுக்கணும்’ என்று சொல்லிக் கொடுப்பது போலவே கண்ணுக்குள் ஓடியது.

காப்பி ஊற்ற வந்த பணிப்பெண் அவர் தட்டைப் பார்த்து நின்றாள். “சார் அடிக்கடி பயணம் பண்றவர்போல! எவ்வளவு அழகா அடுக்கி வெச்சிருக்கீங்க!”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாதிக் காப்பியோடு கப்பைக் கீழே வைத்தாள். டிஷ்யூவைக் கசக்கி அதற்குள் திணித்தாள். கத்தி எங்கே, கரண்டி எங்கே என்று பார்க்காமல் எல்லாவற்றையும் மீதிச் சோற்றில் குத்தி வைத்தாள்.

அவர் அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். காப்பியில் ஊறிய டிஷ்யூவை எடுத்துப் பிழிந்து, காலி டப்பாவில் போட்டார். கத்தியைத் துடைத்து, கூர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி படுக்க வைத்தார். கரண்டிகளை ஒரே திசையில் அடுக்கினார். எச்சில் தட்டு என்ற கூச்சம் துளிகூட இல்லை. வேகமான வேலை. பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தேகம் ஊர்ஜிதமானது. ஒருநாள் இருநாளில் வருகிற பழக்கமா இது?

“யாருக்கு இந்தச் சேவகம்? அந்தப் பொண்ணு இன்னொரு தடவை பாராட்டணுமா?”

“அவங்க வாங்கி வண்டியில வெக்கிறதோட சரி.”

“பின்ன யாருக்காக? இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லேன்னா இறங்கினதும் பேத்தியைப் பார்க்கமாட்டேன், அடுத்த பிளேன்ல தனியாத் திரும்பிடுவேன்!” குரல் உடைந்தது. முன் வரிசையில் ஒரு தலை திரும்பிப் பார்த்தது.

அவர் அவசரமாக அவள் கையைப் பிடித்தார். “மெதுவா பேசு. கீழ ஏர்போர்ட்டுல இந்தத் தட்டையெல்லாம் அடுக்கி அனுப்பி, திரும்பி வந்ததும் கழுவுறவனுக்காகத்தான். நீ பாட்டுக்குச் சோத்துக்குள்ள கத்தியைக் குத்தி வெச்சா, அவன் கை கிழிஞ்சிடும்.”

“கதை விடாதீங்க! எவனோ ஒருத்தன் கை கிழிஞ்சா உங்களுக்கு என்ன? அவன் என்ன உங்க கூடப் பொறந்தவனா?”

பணிப்பெண்ணிடம் இரண்டு தட்டுகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் அவர் சொன்னார்:

“போன மாசம் வரைக்கும் அது நான்தான்.”