வேலியோரக் கணக்கு

"ஜப்பான்காரனுக்கு உளவு பாத்துகினு கீறான் சார்!" கான்ஸ்டபிள் ஒரு காகிதக் கட்டை மேஜைமேல் போட்டார். "பட்டாள முகாம் வேலியோரம் குந்திகினு பாதையெல்லாம் படம் போட்டுகினு இருந்தான். புட்சிகினு வந்துட்டேன்."

ஆவடி போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆளனுப்பி வரவழைக்கப்பட்டிருந்த கணக்கு வாத்தியார் ஜானகிராமன் நிமிர்ந்து பார்த்தார். மூலையில் சட்டை கிழிந்து நின்றவன் லோகநாதன். போன வருஷம்வரை அவரிடம் படித்தவன்.

"கணக்குதான் சார் அது," என்றான். "அடுத்த வாரம் காலேஜ்ல சேரணும். அங்க நடத்தப்போறத முன்னாடியே பழைய புஸ்தகம் வாங்கி நானே படிச்சிகினு கீறேன். ஊட்ல ஒரே கூச்சல், அதான் வேலியாண்ட போனேன்."

"எனக்கு இது விளங்கல," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "கணக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார், விட்டுடறேன். இல்லேன்னா மெட்ராஸுக்கு அனுப்பியாகணும்."

ஜானகிராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வளைந்து போகும் ஒரு கோடு, அதன் அடியில் பட்டை பட்டையாகக் கட்டங்கள், பக்கத்தில் நீட்டி இழுத்த இங்கிலீஷ் 'எஸ்' எழுத்து ஒன்று. ஒரு மண்ணும் விளங்கவில்லை. அவர் படித்த படிப்பில் இதெல்லாம் கிடையாது.

தெரியாது என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் கிணறு வெட்டினால் எத்தனை கன அடி மண் என்று கேட்கக்கூட ஊர் அவரிடம்தான் வரும். அப்பேர்ப்பட்ட கணக்குப் புலி ஒரு கான்ஸ்டபிளை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

"இது கணக்கு இல்லை," என்றார்.

சொன்னது தப்பு என்று உடனே தெரிந்தது. மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது. அவரோ கண்ணாடியைக் கழற்றித் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏத்துய்யா வண்டியில!" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

கான்ஸ்டபிள் தோளைப் பிடித்துத் தள்ள, லோகநாதன் வாசற்படியில் திமிறிக்கொண்டு வாத்தியார் பக்கம் திரும்பினான். போச்சு, 'உங்களுக்குத் தெரியலைன்னு சொல்லுங்க சார்' என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கப்போகிறான். ஜானகிராமன் தலையைக் குனிந்துகொண்டார்.

பையன் குரலில் கோபமே இல்லை.

"அப்ப மூணு மாசமா எல்லாத்தியும் தப்பாவே போட்டுகினு இருந்தேனா சார்?"